மச்சானுக்கு ஓர் அறை

குண்டு டிவி பின்னறை வாசலில் வசமாக மாட்டிக்கொண்டது. டிவிக்கு அந்தப் பக்கம் நூலகர், இந்தப் பக்கம் அவர் மனைவி. அவருடைய வழுக்கை மட்டும் டிவிக்கு மேலே நிலா மாதிரி தெரிந்தது.

"உள்ள போன சாமான் வெளிய வராம எப்படிம்மா இருக்கும்?"

"போனப்ப அங்க நிலையும் இல்ல, கதவும் இல்லீங்க. அப்புறந்தானே போட்டோம்."

கதவைக் கழற்றினால் போயிற்று என்று நூலகர் கழற்றினார். டிவி வரவில்லை, கதவுதான் வந்தது. டிவியைப் பழையபடி உள்ளே இழுத்து, கதவையும் அதன் பக்கத்தில் சாய்த்து வைத்தார். காலி செய்ய வந்த அறையில் ஒரு சாமான் கூடிவிட்டது.

"சாயங்காலம் எங்க அண்ணன் வந்துடுவாரு. ஞாபகம் இருக்கில்ல?" என்றாள் மனைவி.

மறக்கக்கூடிய சங்கதியா அது? போன தடவை இரண்டு நாள் என்று வந்தவர், மழைக்காலம் முழுக்க இருந்துவிட்டுத்தான் போனார். விசிறியை எந்த வேகத்தில் வைப்பது, வெங்காயத்தை எந்தப் பக்கமிருந்து உரிப்பது, மனிதன் எப்படிக் கொட்டாவி விடவேண்டும் என்று அவரிடம் எல்லாவற்றுக்கும் யோசனை இருந்தது. ஒருநாள் நூலகர் பொறுக்கமாட்டாமல், "ஊருக்கு எப்ப மச்சான்?" என்று கேட்டுவிட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் அதற்கப்புறம் வெகுநாள் மனைவி அவரோடு பேசவில்லை. "சாப்பாடு ரெடி" என்று சுவரிடம் சொல்வாள், இவர் போய்ச் சாப்பிடுவார்.

அதனால் இந்தத் தடவை பின்னறை பளபளவென்று இருக்கவேண்டும். மனசுக்குள் என்ன இருந்தாலும், தங்க இடம் கொடுக்காத மனுஷன் என்ற பேர் மட்டும் வரக்கூடாது. நூலகர் அப்படித்தான் முடிவுகட்டியிருந்தார்.

அறையில் கிடந்ததெல்லாம் அவர் சேர்த்ததுதான். செத்துப்போன ரேடியோ, மிக்ஸி, கம்ப்யூட்டர், செல்போன்கள் எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டி, புத்தகம் மாதிரி அடுக்கியிருந்தார்.

கதவைச் சாய்த்த கையோடு, காலையிலேயே பழைய சாமான்காரரைக் கூப்பிட்டார். மனைவி வாசலிலேயே மறித்துத் திருப்பியனுப்பினாள்.

"அந்த டிவிக் கண்ணாடியில ஈயம் இருக்காம். உடைச்சுச் செம்பை எடுத்துட்டு மிச்சத்த எங்கயாவது கொட்டினா, நாளைக்கு நாம குடிக்கிற தண்ணியிலதானே வரும்? முறையாப் பிரிச்செடுக்கிற இடம் இருக்கு. வண்டி அனுப்புவாங்க."

ஊர்த் தண்ணீரைப் பற்றி அவளுக்கு இவ்வளவு அக்கறையா! நெகிழ்ந்துபோன நூலகர் உடனே போன் செய்தார். மதியத்துக்குள் வண்டி வரும் என்றார்கள்.

"நம்ம ஒரு வீட்டுக்காகவா வண்டி வரணும்? தெருவுல நாலு பேர்கிட்ட சொல்லிட்டு வரேன்" என்று அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினாள்.

முதலில் மாடி வீட்டு அக்கா ஒரு பிரிண்டரை ஏந்திக்கொண்டு வந்தார். தையல்காரர் இஸ்திரிப் பெட்டியும் மோட்டாரும் கொண்டுவந்தார். நூலகரின் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. யாராவது எதையாவது முன்னால் நீட்டினால், வாங்கிச் சீட்டு ஒட்டி அடுக்கில் வைத்துவிட்டுத்தான் அவர் கை ஓயும். வேண்டாமென்று சொல்லி அந்தக் கைக்குப் பழக்கமில்லை.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் இரண்டு ஆட்களிடம் ஒரு பெரிய சாமானைத் தூக்கக் கொடுத்து வந்து சேர்ந்தார்.

"டாக்டர், இது வாஷிங் மெஷின் ஆச்சே?"

"கரண்ட்ல ஓடுதில்ல? அப்ப வாங்கிக்குங்க. பல்லு மாதிரிதான் சார் இதுவும், ஆட ஆரம்பிச்சா எடுத்துடணும். இது துணி போட்டா ஹாலுக்கே நடந்து வருது."

வாஷிங் மெஷினுக்குத் தரையில் இடமில்லாததால் கட்டில்மேல் ஏற்றினார்கள். நூலகர் அதற்கும் ஒரு சீட்டு ஒட்டினார்.

"என்னங்க, செல்போன்லாம் அப்படியே குடுத்துடுவீங்களா?" என்றாள் மனைவி. "நம்ம போட்டோ, மெசேஜ் எல்லாம் உள்ள கிடக்கே! அழிச்சிட்டுக் குடுங்க."

நியாயமான பேச்சு. ஆனால் அழிக்கவேண்டுமானால் போனுக்கு உயிர் வரவேண்டும். நூலகர் சிக்கலிலிருந்து சார்ஜர்களைப் பிய்த்தெடுத்து, ஒரே பலகையில் எல்லாவற்றையும் செருகினார். ஒரு போன் விழித்துக்கொண்டு, மச்சான் வெங்காயம் உரிக்கும் வீடியோவைக் காட்டியது. "பாருங்க மாப்ளே, இந்தப் பக்கமிருந்து..." என்று அவர் ஆரம்பிக்கும்போது பட்டென்று வீட்டுக்கே கரண்ட் போனது.

இன்னொரு போனின் பேட்டரி தவளை வயிறு போல உப்பியிருந்தது.

"ஐயோ, குத்திடாதீங்க, பத்திக்கும்! மணல் வாளியில வைங்க" என்று மனைவியே வாளியைக் கொண்டுவந்தாள். அதையும் அறைக்கு நட்டநடுவில் வைத்தாள்.

மதியம் போயிற்று. வண்டி வரவில்லை.

"நான் பேசிட்டேங்க. வந்துக்கிட்டே இருக்காங்களாம்" என்றாள்.

மச்சான்தான் டாக்சியில் வந்து இறங்கினார், பெரிய பெட்டியோடு. பின்னறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். யோசனை சொல்லாமல் அவர் நின்றதை நூலகர் அன்றுதான் பார்த்தார்.

"மாப்ளே, எனக்கு ரூம் எது?"

"இதுதான் மச்சான்."

"கட்டில்ல யாரோ படுத்திருக்காங்களே?"

"வாஷிங் மெஷின் மச்சான். இப்ப எடுத்துடறேன்."

"அந்த வாளியில என்ன?"

"பழைய பேட்டரி. தொடலைன்னா ஒண்ணும் ஆகாது."

"தொட்டா?"

நூலகருக்குப் பொய் வராது. "பத்திக்கும்" என்றார்.

மச்சான் பெட்டியைக் கீழேயே வைக்கவில்லை.

"நான் சின்னத் தங்கச்சி வீட்டுக்குப் போயிக்கிறேன் மாப்ளே. அங்க டிவி ஒழுங்கா சுவத்தோட ஒட்டிக்கிட்டிருக்கும்."

"ஐயோ மச்சான்! நீங்க ஹால்ல படுங்க, நான் அடுப்படியில படுத்துக்கறேன்!"

"வேணாம். அப்புறம், கதவ அப்படிச் சாய்ச்சு வெக்காதீங்க, வளைஞ்சுடும்."

டாக்சி தெருமுனை திரும்பும்வரை நூலகர் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினார். திரும்பி நடக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ குதூகலமாகக் குதிப்பது போலிருந்தது. சீ, அற்ப மனசே, என்று அதை அதட்டி உட்காரவைத்தார்.

வாசற்படியில் மனைவி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. நூலகர் பதறி ஓடிவந்தார். இனி சுவரோடுதான் பேச்சு.

"அழாதம்மா. எல்லாம் என் தப்புதான். நாளைக்குக் காலையில நானே போய் அண்ணனைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடறேன்."

"வேணாம்... வேணாங்க..." என்று விரலிடுக்கு வழியே குரல் வந்தது. தோள் இன்னும் பலமாகக் குலுங்கியது.

அப்போதுதான் அந்த வண்டி ஆடி அசைந்து வந்து வாசலில் நின்றது. நூலகருக்கு வந்ததே கோபம்!

"மதியத்துக்குள்ள வரேன்னுட்டு இப்பவா வர்றீங்க? உங்களால இன்னிக்கு ஒரு குடும்பமே..."

டிரைவர் அவரை விட்டுவிட்டு, படியில் இருந்தவளைப் பார்த்துக் கேட்டார்.

"என்னக்கா, காலையிலயே தெருமுனை வரைக்கும் வந்தவனை நீங்கதானே போன் பண்ணி, அண்ணன் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போனப்புறம் வான்னு சொன்னீங்க, போயிட்டாரா?"