சொந்தக் கடையா நெனச்சுக்க

ஆள் வைத்துக்கொண்டால் தொழில் தானாக ஓடும் என்று மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாயே, உன்னைத்தான். பேசியதற்கு ஒரு கூடை கிழங்கு வாங்கிக்கொண்டாய். போட்ட சால்வையையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய். அதற்கப்புறம் இந்தப் பக்கம் எட்டியாவது பார்த்தாயா? நீ பேசிவிட்டுப் போன இடத்தில் என்ன நடந்தது என்று இப்போதாவது கேள்.

சிங்கம் ராஜாவாக இல்லாத, ஆனால் எதற்கெடுத்தாலும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த ஒரு காட்டில், ஓடைக்கரை இலுப்பை மரத்தடியில், வெள்ளத்தாயி என்ற முள்ளம்பன்றி கிழங்குக் கடை வைத்திருந்தது. தோண்டுவது, சுமப்பது, கழுவுவது, விற்பது எல்லாம் அது ஒன்றுதான். அப்பன் வைத்துவிட்டுப் போன கடை இல்லை. முதல் வருஷம் காட்டுப்பன்றிகள் குவியலோடு தின்றுவிட்டுப் போயின. அடுத்த வருஷம் ஓடை வந்து அள்ளிக்கொண்டு போனது. மறுபடியும் தோண்டிக் குவித்து உண்டாக்கிய கடை அது. வெள்ளத்தாயிக்கு உலகத்தில் வேறு எதுவும் கிடையாது.

பேரத்தில் அதை யாரும் ஜெயித்ததில்லை. முயல் வந்து, போன வாரம் இதைவிடப் பெரிதாகக் கொடுத்தீர்களே என்று இழுக்கும். வெள்ளத்தாயி முதுகைத் திருப்பும். முதுகு முள் மட்டும் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். வெள்ளத்தாயி சொன்ன விலையை வைத்துவிட்டு, முயல் மீதிகூடக் கேட்காமல் போய்விடும்.

ஒரே ஒரு கஷ்டம். தோண்டப் போனால் கடை பூட்டிக் கிடக்கும். கடையில் உட்கார்ந்தால் தோண்ட ஆள் இல்லை. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நீ வந்தாய். வெள்ளத்தாயி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டது. வேலைக்கு வருகிறவர்கள் சம்பளம் கூடுதலாகக் கேட்டால், 'இதை உன் சொந்தக் கடையாக நினைத்துக்கொள்' என்று மட்டும் சொல்லுங்கள், பாதிக்கு இறங்கி வந்து பேய் மாதிரி உழைப்பார்கள் என்றாய். வெள்ளத்தாயி அதை வளைக்குப் போய்ச் சேரும் வரை முணுமுணுத்துக்கொண்டே நடந்தது.

மறுநாள் 'ஆள் தேவை' பலகை தொங்கியது. வரிசை ஓடை வரைக்கும் நின்றது. மயிலுக்கு, கடையில் போட்டோ எடுப்பார்களா என்று தெரிய வேண்டியிருந்தது. குரங்கு, மரத்திலிருந்தபடியே வேலை பார்க்கலாமா என்று விசாரித்தது. ஆந்தை நேர்காணலிலேயே தூங்கிவிட்டது. கடைசியாக வந்தது தவசி என்ற கீரி. பணிவாக நின்றது. கல்லாவில் உட்கார ஆள் வேண்டும் என்றதற்குத் தலையாட்டியது.

"ஒரு நாளைக்கு மூணு கிழங்கு குடுங்கக்கா" என்றது தவசி.

கீரி கிழங்கு தின்னுமா என்று கேட்காதே. இது நீதிக்கதை.

"ஒண்ணு" என்றது வெள்ளத்தாயி.

"ஒண்ண வச்சு என்னக்கா செய்ய? வீட்ல நாலு குட்டி கெடக்கு."

முள் எழுந்தது. ஆனால் கீரி பாம்புக்கே பயப்படாத ஜாதி, இதற்கா அசையும்? அப்போது வெள்ளத்தாயி முள்ளைத் தாழ்த்தி, குரலில் வெல்லத்தைக் கரைத்து, நீ சொல்லிக் கொடுத்ததை எடுத்துவிட்டது. "கிழங்கப் பாக்காத தவசி. இத உன் சொந்தக் கடையா நெனச்சுக்க."

தவசி கடையை ஒரு சுற்று பார்த்தது. மரத்தை, குவியலை, கல்லாப் பலகையை நிதானமாகப் பார்த்தது.

"நெசமாவா சொல்றீங்க?"

"பின்ன?"

"அப்ப ஒண்ணே போதும்க்கா."

வாயால் சொன்ன ஒரு பேச்சில் இரண்டு கிழங்கு மிச்சம். வெள்ளத்தாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே சூட்டோடு, தோண்டுகிற வேலைக்கு வந்த உடும்பு சங்கிலியிடமும் அதையே சொன்னது. சங்கிலி அரைக் கிழங்குக்கே இறங்கிவிட்டது.

முதல் வாரம் தவசி கடையைப் பெருக்கியது, கிழங்கைத் தினுசு பிரித்து அடுக்கியது. அதற்கப்புறம் வெயில் ஏறித்தான் வந்தது. ஏன் என்று கேட்டால், கடைக்காரன் நேரத்துக்கு வந்தால் மரியாதை இருக்காது என்றது. தவசியின் குட்டிகள் குவியல்மேல் ஏறி உட்கார்ந்து தின்றன. நம்ம கடைதானே என்று தவசி அதைக் கண்டுகொள்ளவில்லை. சங்கிலி தோண்டுகிற இடத்துக்கு ஒழுங்காக வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. மண் நல்ல பதம் என்று சொல்லிவிட்டுப் போனது. சொந்தமாகக் கடை வைத்திருக்கிறவன் எங்கேயாவது மண்ணில் இறங்குவானா என்று ஓணானிடம் கேட்டதாகக் கேள்வி. ஆகமொத்தம், தோண்டியது வெள்ளத்தாயி. சுமந்ததும் அதுதான்.

வாட்ஸப்பில் 'கிழங்குக் குடும்பம்' என்று தவசி ஒரு குழு ஆரம்பித்தது. அட்மின்கள் மட்டும்தான் அதில் எழுதலாம். தவசி ஒரு அட்மின், சங்கிலி ஒரு அட்மின். வெள்ளத்தாயி படிக்கலாம்.

ஒருநாள் கூடையை இறக்கிவைத்த கையோடு வெள்ளத்தாயி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தது. தவசி எழுந்திருக்கக்கூட இல்லை.

"என் கடையில வந்து முள்ளக் காட்டாதீங்கக்கா. வாங்க வந்தவங்க பயப்படுறாங்க."

வெள்ளத்தாயி காலிக் கூடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் தோண்டப் போனது.

இந்த நிலையில் தவசியும் சங்கிலியும் கூடிப் பேசின. முதலாளிகள் அதிகம், வேலைக்காரர் யாரும் இல்லை, இப்படி இருந்தால் கடை எப்படி உருப்படும் என்று இரண்டும் உண்மையாகவே வருத்தப்பட்டன. மறுநாள் காலையில் இலுப்பை மரத்தில் மறுபடியும் 'ஆள் தேவை' தொங்கியது. தோண்டத் தெரிந்திருக்க வேண்டும், சுமக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

அதைப் பிய்த்து எறியத்தான் வெள்ளத்தாயி போனது. சத்தியமாக அதற்குத்தான் போனது. வரிசையில் வரச் சொன்னார்கள். முன்னால் நின்ற மரநாயைத் தள்ளிவிட்டு நேரே கல்லாவுக்குப் போய் நின்றது.

"டேய், இது என் கடைடா."

"எல்லாருக்கும் அப்படித்தான்க்கா சொல்லியிருக்கு" என்றது தவசி, பொறுமையாக. "சரி, எவ்வளவு எதிர்பாக்குறீங்க?"

அந்தக் கேள்விதான் குடியைக் கெடுத்தது. எவ்வளவு என்று ஒருவன் கேட்டுவிட்டால் வெள்ளத்தாயிக்கு வேறு எதுவும் காதில் விழாது. காட்டுப்பன்றி, வெள்ளம், பட்ட பாடு, வந்த காரியம் எல்லாம் மறந்துபோனது. முள் அத்தனையும் எழுந்தது.

"நாலு" என்றது.

"ரெண்டு" என்றது தவசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கிலி.

அப்புறம் நடந்ததை அந்தக் காடு இன்றைக்கும் பேசுகிறது. வெள்ளத்தாயி வேண்டாமென்று கிளம்புவதுபோல் போனது. கூப்பிட்டபின் திரும்பி வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஐந்து தருகிறார்கள் என்று புளுகியது. மூன்று வரைக்கும் ஏற்றியது. மூன்றரைக்கு ஏற்றியது. அமாவாசைக்கு விடுமுறை வாங்கியது.

"சரி, மூணரை. ஆனா ஒரு நிபந்தனை" என்றது தவசி. "இத உங்க கடைன்னு நீங்க நெனைக்கவே கூடாது. அப்படி நெனைக்கிறவங்களால கடைக்குத் தொல்லைதான்."

"அதுக்குத் தனியா அரைக் கிழங்கு ஆகும்" என்றது வெள்ளத்தாயி.

தவசியும் சங்கிலியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சரி என்றன.

ஆக, முழுசாக நாலு. வெள்ளத்தாயி கேட்ட விலை, ஒரு துண்டு குறையவில்லை. வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். முயல் அசந்துபோய் வணக்கம் வைத்தது. இரண்டு பயல்களையும் கசக்கிப் பிழிந்துவிட்ட நடையில் வெள்ளத்தாயி ஓடைவரைக்கும் போனது.

அங்கே நின்றது. தினம் அந்த நாலு கிழங்கை யார் தோண்டித் தருவது என்று அப்போதுதான் யோசித்தது. முதுகு முள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டது.

நீதி: சொந்தக் கடையில் வேலைக்குச் சேருகிறவர் விடுமுறையை முதலிலேயே பேசி வாங்கிவிட வேண்டும். இது கதைக்கான நீதி. வெள்ளத்தாயிக்கான நீதி உன்னிடம்தான் பாக்கி நிற்கிறது. மைக், சால்வை எதுவும் வேண்டாம். வெறுங்கையோடு வந்து, கல்லாவில் இருக்கிற இரண்டையும் எழுப்பிவிட்டு, கடை யாருடையது என்று உன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போ.