சண்டைக்கு இடைவேளை விட்டவர்

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில் எந்தச் சண்டையும் முழுசாக நடந்து முடிந்ததில்லை. பக்கத்துச் சந்துகளில் மண்டை உடைந்தது, பல் உதிர்ந்தது, தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை நின்றது. எங்கள் சந்தில் மட்டும் மகா யுத்தங்களெல்லாம் ஒரே ஒரு மனிதரால் பாதியிலேயே பிசுபிசுத்துப் போயின. உலகத்தில் நடந்த பெரிய போர்களின்போது அந்த மனிதர் ராயபுரத்தைவிட்டு வெளியே போகாமல் இருந்ததுதான் சரித்திரத்தின் கோளாறு என்பது என் அபிப்பிராயம்.

அவருக்கு ரெப்ரி என்று பேர். பந்தாட்டத்தில் விசில் ஊதி நியாயம் சொல்பவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும்; தபால்காரருக்கே அது தெரியாது. துறைமுகத்துக் கூட்ஸ் ஷெட்டில் ரயில் பெட்டிகளைக் கோத்துவிடும் வேலை. அங்கே கொடுத்த விசிலை வேலை முடிந்ததும் கழற்றி வைக்க மறந்து, பிறகு மறந்ததையும் மறந்துவிட்டார். கறுப்பு அரைஞாண் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். காக்கி அரை நிஜார், முழங்கால்வரை காலுறை. செருப்போ பூட்ஸோ கிடையாது. வெறும் காலுறையோடு அவர் ஓடிவரும்போது சத்தமே கேட்காது. சண்டை போடுபவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல்.

மாலையில் கடற்கரை மணலில் பையன்களுக்குப் பந்தாட்டம் நடத்துவார். மற்ற நேரங்களில் சந்து முழுவதும் அவருக்கு மைதானம்.

குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தோடு மோதிக்கொள்வார்கள்.

"என் கொடத்துக்கு முன்னாடி உன் கொடம் எப்டிமே வந்துச்சு? காலு மொளச்சு நடந்து வந்துச்சா?"

"ஆமா, உங்க ஆத்தா வந்து தூக்கி வெச்சிட்டுப் போனா!"

அவ்வளவுதான். தப்பாட்டம் என்று பின்னால் விசில் காதைப் பிளக்கும்.

"பவுலு!"

"இன்னா பவுலு அண்ணாத்தே? நா இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"அவ கொடத்தப் பத்திப் பேசிகினு கீறா. நீ அவ ஆத்தாவ இஸ்துட்டே. பந்து ஒரு எடத்துல கீது, நீ கால உட்டது வேற எடத்துல. ப்ரீ கிக்கு அவளுக்கு. நீ தள்ளி நில்லு."

ப்ரீ கிக் என்றால், எதிராளி ஒரு வசை வையலாம். பதில் பேசாமல் தள்ளி நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். அருமையான சலுகைதான். ஆனால் அதைப் பெற்றவள் வாயைத் திறந்து, மூடி, வானத்தைப் பார்த்து, கடைசியில், "நா நாளைக்கு வெச்சிக்கிறேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பேசு என்று இடம் விட்டால் பேச்சு வராது. இப்போது கூட்டங்களில் என்னை மேடையேற்றும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் குழாயடி நினைவுக்கு வருகிறது.

ப்ரீ கிக்குக்கும் அடங்காத சண்டைகளுக்கு இடைவேளை உண்டு. ரெப்ரி நிஜார்ப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நறுக்கி, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, நிழலில் உட்கார வைப்பார். எலுமிச்சையை வாயில் அடக்கிக்கொண்டு கோபமாக இருப்பது முடியாத காரியம்; முகம் வேறு வேலையில் இருக்கும். பெரும்பாலும் அத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டாம் பாதி என்று ஒன்று எங்கள் சந்தில் நடந்ததே இல்லை, ஒரு தடவை தவிர.

அந்தத் தடவை சண்டை எங்கள் வீட்டில்தான்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்து, ரேஷன் மட்டும் போகாமல் இருந்த காலம். அந்தக் கோடை விடுமுறைக்கு மூன்று லட்சியங்கள் வைத்திருந்தேன்: ஆங்கில அகராதியை முழுக்கப் படிப்பது, மீசை வளர்ப்பது, கோல் கீப்பராகப் பேர் வாங்குவது. அகராதி முதல் எழுத்தைத் தாண்டவில்லை. மீசை அந்த அளவுக்கும் வரவில்லை. மூன்றாவதைப் பற்றிச் சொல்கிறேன்.

கடற்கரையில் இரண்டு கட்டுமரங்களை இழுத்து வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவில் உள்ள இடம்தான் எங்கள் கோல். எதிர்ப்பக்கம் மணலில் நட்ட துடுப்புகள். பெரியம்மா மகன் துரை எங்கள் அணியில் பந்தை முன்னே கொண்டுபோகிறவன், கெட்டிக்காரன். வேறு எந்த இடத்துக்கும் லாயக்கில்லாததால் நான் கோல் கீப்பர். ஒரு நாள் திருவொற்றியூர்ப் பையன்களோடு ஆட்டம். இடைவேளைக்குப் பிறகு ரெப்ரி ஊதினார்.

"சைடு மாறு! வெயிலு ஒருத்தன் கண்ணுலயே அட்ச்சிகினு இருந்தா அது நாயமா?"

நாங்கள் துடுப்புப் பக்கம் போனோம். கட்டுமர கோல் அவர்களுடையதாயிற்று. துரை பந்தை எடுத்துக்கொண்டு பறக்கிறான், இதோ அடிக்கப் போகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு கட்டுமரத்துக்குச் சொந்தக்காரர் மகனோடு வந்து, அதைத் தண்ணீருக்குள் தள்ளி, ஏறி உட்கார்ந்து, துடுப்புப் போட்டுக்கொண்டு போயே விட்டார். கோலில் பாதி கடலுக்குப் போய்விட்டது. துரை அடித்த பந்து எங்கேயோ போயிற்று.

"கோலு!" என்று நாங்கள் கத்தினோம்.

"கோலே இல்லியே, எப்டிடா கோலு?" என்று அவர்கள் கத்தினார்கள்.

ரெப்ரி கடலைப் பார்த்தார். நிதானமாக விசில் ஊதினார்.

"கோலு மீன் புடிக்கப் போய்க்கீது. அது திரும்பி வர்ற வரிக்கும் ஆட்டம் நிக்குது. யாரும் எடத்த உட்டு நவுரக் கூடாது."

நின்றோம். திருவொற்றியூர்ப் பையன்களும் நின்றார்கள். வெயில் தாழ்ந்து, கட்டுமரம் சங்கரா மீனோடு கரைக்கு வந்தது. அதை இழுத்து, பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லி, ஓர் அடிகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாமல் சரிபார்த்து, மறுபடி ஊதினார். அதற்குள் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத பந்தை நான் இரண்டு தடவை பிடித்தேன். என் ஆட்ட வாழ்க்கையின் உச்சம் அதுதான்.

சண்டைக்கு வருகிறேன். ஒரே வீட்டில் முன்கட்டில் பெரியப்பா குடும்பம், பின்கட்டில் நாங்கள். மொட்டை மாடி பொது. கோடை வந்ததும் அம்மா அங்கே கூழ் வடகம் பிழிவாள். பெரியம்மா நெத்திலியில் உப்புப் போட்டுக் கருவாடு காயவைப்பாள். நடுவில் கிழிந்த குடையும் குச்சியுமாக நான். காக்கை ஓட்டும் உத்தியோகம். காக்கைகள் என்னைப் பார்த்துப் பயந்ததாகச் சொல்ல முடியாது. ஒன்றிரண்டு குடை நிழலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டன.

கருவாடு கிழக்கே, வடகம் மேற்கே. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து வரும். மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. வாய் கட்டிச் சேமித்த ரேஷன் அரிசியில் பிழிந்த வடகத்தை அம்மா ஒரு நாள் பொரித்தாள். வாயில் போட்ட அப்பா, "இது வடகமா, நெத்திலியா?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

அன்றைக்கு ஆரம்பித்தது. முதலில் பேச்சு நின்றது. பிறகு, அடுக்களைக்கு அடுக்களை போய்க்கொண்டிருந்த குழம்புக் கிண்ணம் நின்றது. அதற்கும் பிறகு அப்பா வியாசர்பாடியில் ஓர் அறை பார்த்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை கைவண்டி வரும் என்றார். துரை இல்லாமல், கடல் இல்லாமல், கட்டுமர கோல் இல்லாமல் நான் என்ன ஆவேன்? அணிக்கு நான் போனால் நஷ்டமில்லை என்பது வேறு விஷயம். இரண்டு நாளாக நானும் துரையும் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் பம்பரத்துக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தோம், விடவில்லை.

ஞாயிறு வந்தது. கைவண்டி வாசலில். அம்மா வடகத்தை அள்ள மாடிக்குப் போனாள். பெரியம்மா அங்கே இருந்தாள்.

"கடல் காத்துக்கு நா இன்னாமே பண்றது? கையில புட்ச்சி நிறுத்தச் சொல்றியா?"

"காத்து அடிக்கிற பக்கமாப் பாத்து நீங்க கொட்டுவீங்க. ரேசன் அரிசி, அக்கா! பூரா நாத்தம்!"

"நாத்தமா? உன் வூட்டுக்காரரு எங்கூட்டுக் கருவாட்டுக் கொழம்ப ரெண்டாந்தபா கேட்டு வாங்கித் துன்னாரே, அப்ப நாறலியா?"

விசில். ரெப்ரி மாடிப்படியின் உச்சியில் நின்றிருந்தார்.

"பவுலு! வூட்டுக்காரர இஸ்க்கக் கூடாது. அவரு ஆட்டத்துலயே இல்ல."

"ஆமாமா, நான் இல்ல" என்று கீழே வாசலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

ப்ரீ கிக் கொடுத்தார். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது போதவில்லை. இடைவேளை விட்டார். இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு எலுமிச்சை சப்பினார்கள். நானும் துரையும் குடைக்கடியில் நின்று பார்த்தோம். சப்பி முடித்ததும் எழுந்து போவார்கள் என்று பார்த்தால், அம்மா தோலைத் தூக்கி எறிந்துவிட்டு, "செகண்டாப்பு உண்டா இல்லியா அண்ணாத்தே?" என்றாள்.

ரெப்ரி கொஞ்சம் ஆடிப்போனார். இரண்டாம் பாதி வேண்டுமென்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான்.

"உண்டு. சைடு மாறுங்க."

"இன்னாத்த மாறுறது?"

"சைடு மாறுனா கோலும் மாறும். இனிமே கருவாடு உன் கோலு. வடகம் அவுங்க கோலு. அவங்கவுங்க கோல அவங்கவுங்க காப்பாத்திக்கோணும். ஸ்டார்ட்டு!"

அம்மா கிழக்கே போய்க் கருவாட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். பெரியம்மா மேற்கே வடகத்துக்குப் பக்கத்தில். காற்று வீசியது. பெரியம்மா மூக்கைச் சுருக்கினாள். இன்னொரு தடவை சுருக்கினாள்.

"ஏமே," என்றாள் மெதுவாக, "இங்க நின்னா வாட அடிக்கத்தான் செய்யுது."

அம்மா பதில் சொல்வதற்குள் ஒரு காக்கை, என் குடை நிழலில் இளைப்பாறியதுதான், ஒரு தாவுத் தாவி நெத்திலியைக் கவ்வியது.

"டேய் தடிமாடு!" அம்மா என்மேல் பாய்ந்தாள். "இன்னாடா வேடிக்க பாத்துகினு கீற? தூக்கினு போவுது பாரு! ஒவ்வொண்ணா தலையக் கிள்ளி, உப்புப் போட்டு, மனுசி இடுப்பு ஒடிய வேலை செஞ்சி..."

பாதியில் நிறுத்திவிட்டாள். யாருடைய இடுப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெரியம்மா அவளைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு வடகத்தை எடுத்து உடைத்துப் பார்த்தாள். உடையவில்லை; வளைந்தது.

"இது காயலமே. இத இப்டியே கட்டிகினு போனா பூஞ்சக் காளான் பூத்துடும். ரேசன் அரிசி வேற."

"அப்பிடியா கீது?" என்று அம்மாவும் வந்து குனிந்தாள்.

"காயற வரிக்கும் எங்கியும் எடுத்துனு போவக் கூடாது."

ரெப்ரி படியில் இறங்கினார். போகிறபோது வாசலில் நின்ற வண்டிக்காரரிடம், "ஆட்டம் டிராவாப் பூட்ச்சிபா, நீ போய் வா" என்றார். அப்பா மறுப்புச் சொல்லவில்லை. ஆட்டத்தில் இல்லாதவர் எப்படிச் சொல்வார்?

வண்டி சந்து முனை திரும்பி மறைகிறவரை நானும் துரையும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மறைந்ததும் துரை, ஒரு காரணமும் இல்லாமல், என் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டான். ராயபுரத்தில் சந்தோஷத்தை அப்படித்தான் தெரிவிப்பது. அந்த வலி இன்னும் இனிக்கிறது. வடகம் மேலும் சில நாளில் காய்ந்தது. அதற்குள் வடகம் கிழக்கேயும் கருவாடு மேற்கேயும் மாறியிருந்தன. வியாசர்பாடி அறையைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம், குழாயடியில் ஒரு சண்டை இடைவேளை விட வேண்டிய நேரத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சண்டை போட்டவர்களே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். விசில் வரவில்லை. நானும் துரையும் ரெப்ரியைத் தேடிப் போனோம்.

ரயில் பாதையோரம் ஒற்றை அறை. கடும் ஜுரத்தில் படுத்திருந்தார். காலுறை மட்டும் கழற்றவில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், தலையணைக்கடியில் விசில். அந்த அறையில் எங்கள் மூச்சு எங்களுக்கே கேட்டது.

"இன்னா அண்ணாத்தே, உங்க வூடு இவ்ளோ அமைதியாக் கீது?" என்றான் துரை.

"பின்ன? சண்ட போட எதிர் டீமு வேணுமே நைனா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம். அன்றிரவு சாப்பிடும்போது அந்த நகைச்சுவையை வீட்டில் சொன்னேன். அம்மாவும் பெரியம்மாவும் சிரிக்கவில்லை.

மறுநாள் அம்மா கஞ்சியோடு கிளம்பினாள். பெரியம்மாவும் கஞ்சியோடு கிளம்பினாள். ரெப்ரியின் தலைமாட்டில் இருவரும் மோதிக்கொண்டார்கள்.

"நாந்தான் மொதல்ல வந்தேன், என் கஞ்சியத்தான் குடிக்கோணும்" என்றாள் அம்மா.

"உன் கஞ்சியா? அது சொவுத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பாட்டம் கீது!"

"உங்க கஞ்சி மட்டும்? பருக்கையத் தேட வலை போடோணும்!"

அறை அதிர்ந்தது. ரெப்ரியின் கை தலையணைக்கடியில் துழாவியது. விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினார். வலு இல்லை, வெறும் காற்றுத்தான் வந்தது. ஆனால் இரண்டு பெண்களும் அந்தக் கணமே வாயை மூடி, எழுந்து, ஒருவர் இருந்த இடத்துக்கு மற்றவர் போய் உட்கார்ந்தார்கள். பெரியம்மா அம்மாவின் கஞ்சியை எடுத்து ஊட்டினாள். அம்மா பெரியம்மாவின் கஞ்சியை ஆற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் எழுந்து நடமாடும்வரை தினமும் அங்கே சண்டை நடந்தது. ஒரு நாள் துவையலுக்கு, ஒரு நாள் போர்வைக்கு, ஒரு நாள் கஷாயத்தில் மிளகு போதாததற்கு. வீட்டில் இருவரும் ஒரே முறத்தில் அரிசி புடைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

வெகு காலம் கழித்து அம்மாவிடம் கேட்டேன், அதெல்லாம் நிஜச் சண்டையா என்று.

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அந்த மனுசன் வூட்லயும் ஒரு சத்தம் வேணாமாடா?"