மூன்று தலைகளும் ஒரு நாற்காலியும்

காலை ஒன்பது மணிப் பரீட்சைக்கு நாஹீதுக்கு வேண்டியது ஒரே ஒரு தலை. வந்து நின்றதோ மூன்று.

"வந்துட்டேன் நாஹீத் ஜான், என் கண்ணு! என் தலை உன்னுது, எப்படி வேணா வெட்டிக்கோ" என்றாள் தோழி மஹின். தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

அவளுக்குப் பின்னால் ஷஹ்லா. இரண்டு பஸ் மாறி வந்ததில் முகம் வாடிப்போயிருந்தது. அவளுக்கும் பின்னால், முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்த அக்தஸ்.

நாஹீத் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தப்பு அவளுடையதுதான். அந்தப் பள்ளியில், வெளிநாட்டிலிருந்து குடியேறி ஆங்கிலம் இன்னும் நாக்கில் வராதவர்களுக்கு அழகுக்கலை சொல்லித்தருகிறார்கள். காலையில் ஆங்கிலம், மதியம் தலைமுடி. பரீட்சைக்கு உயிருள்ள ஒரு தலையை அவரவர்தான் கூட்டிவர வேண்டும். போன தடவை சித்தி மகள் நஸ்ரீனை மட்டும் கேட்டாள். "தலை என்ன, உசுரே உனக்குத்தான்" என்று சொன்ன நஸ்ரீன் அன்றைக்கு வரவில்லை. தெஹ்ரானில் பிறந்த ஒருத்தி அப்படிச் சொன்னால் சம்மதமாகவும் இருக்கலாம், சும்மா மரியாதைக்காகவும் இருக்கலாம். காலியான நாற்காலிக்கு முன்னால் சீப்பும் கையுமாக ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள் நாஹீத்.

அதனால்தான் இந்தத் தடவை மூன்று பேரைக் கேட்டாள். இரண்டு பேராவது வாய்வார்த்தைக்குத்தான் சொல்லியிருப்பார்கள் என்பது அவள் கணக்கு. பாழாய்ப்போன மூன்று பேரும் நிஜமாகவே சொல்லியிருக்கிறார்கள்.

ஐம்பத்திரண்டு வயதில் ராத்திரி ஷிப்டில் ஒரு சலவைக்கூடத்தின் நிலவறையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள் அவள். போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. புருஷன் பெஹ்ரூஸ் முதுகு போய்க் கட்டிலோடு கிடந்தான். கடைவீதியில் சலூன் வைத்திருக்கும் ஓர் அர்மீனியக்காரி, "திங்கக்கிழமைக்குள்ள லைசென்ஸோட வா, ஜன்னலோரத்து நாற்காலி உனக்கு. இல்லைன்னா வேற ஆளைப் போட்டுருவேன்" என்று சொல்லியிருந்தாள். இன்று வெள்ளிக்கிழமை, பாஸானால் இன்றைக்கே லைசென்ஸ்.

ஆசிரியை மிஸஸ் ஒச்சோவா கையைத் தட்டினார். "ஒருத்தருக்கு ஒரு தலைதான். மார்க் போடறவங்க இந்தத் தடவை புது ஆளு, தலைநகர்லேர்ந்து வர்றாங்க. மழையில ரோடு அடைச்சுக் கிடக்காம், தாமதமாகும். நீங்க ஆரம்பிங்க, அவங்க நடுவுல வந்து சுத்திப் பார்ப்பாங்க. பத்தரைக்கு மேல கத்தரியைத் தொடக் கூடாது."

மணி அடித்தது. ஹாலில் இருபது குழாய்கள் ஒரே நேரத்தில் திறந்தன.

"உக்காரு மஹின்" என்றாள் நாஹீத்.

"நானா? ஷஹ்லா ரெண்டு பஸ் மாறி வந்திருக்கா. அவளை நிக்க வச்சுட்டு நான் உக்காருவேனா?"

"ஐயையோ, அக்தஸுக்கு முட்டி வலி. அவதான் உக்காரணும்" என்றாள் ஷஹ்லா.

"கடையைப் பூட்டிட்டு வந்தவ இருக்கும்போது நானா? செத்தாலும் மாட்டேன்" என்றாள் அக்தஸ். ஒற்றைக் காலில் உடம்பைத் தாங்கிக்கொண்டுதான் சொன்னாள்.

ஒருத்தியைக் கைகாட்டிவிட்டால் மற்ற இரண்டு பேர் மனசும் கோணிவிடும். அதற்கு நாஹீதுக்குத் தைரியமில்லை. ஒரு யோசனை செய்தாள்.

"சரி, யாரு மூத்தவங்களோ அவங்க உக்காருங்க."

மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"நான் அறுபத்தியொண்ணுல பொறந்தேன்" என்றாள் மஹின் யோசித்து.

"நான் அறுபத்தி மூணு" என்றாள் ஷஹ்லா.

"நான் அறுபத்தாறு" என்றாள் அக்தஸ். அறுபதாம் பிறந்தநாளைக் கொண்டாடி அவளுக்கு நான்கு வருஷம் ஆகிறது.

"அப்ப எனக்குத் தப்பா ஞாபகம். நான் அறுபத்தேழு" என்றாள் மஹின்.

மணி ஒன்பது பத்து. அடுத்த மேசைக் குவாத்தமாலாப் பெண் ஏற்கெனவே ஷாம்பூ போட்டு முடித்திருந்தாள். நாஹீத் மூன்று காகிதத் துண்டுகளைக் கிழித்து, ஒன்றில் மட்டும் பெருக்கல் குறி போட்டுச் சுருட்டி நீட்டினாள். குறி ஷஹ்லாவுக்கு விழுந்தது. ஷஹ்லா அதை அக்தஸின் கைப்பைக்குள் திணித்தாள். அக்தஸ் அதை எடுத்து மஹினின் கோட்டுப் பைக்குள் போட்டாள். மஹின் அதை மடித்து, மரியாதையாக நாஹீதிடமே திருப்பிக் கொடுத்தாள்.

நாஹீத் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஏண்டி என் உசுரை வாங்கறீங்க? என் பொழப்பே போயிரும்டி!"

"உனக்காகத்தானே வந்தோம் கண்ணு" என்றார்கள் மூன்று பேரும். ஒருத்தியும் உட்காரவில்லை.

ஒன்பது இருபத்தைந்துக்குச் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஓர் அம்மாள் உள்ளே வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றாள். மழையில் முடி நனைந்து, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. நாஹீத் அவளை மஹினோடு வந்தவள் என்று நினைத்தாள். மஹின் அவளை ஷஹ்லாவின் நாத்தனார் என்று நினைத்தாள். நீங்கள் யார் என்று முகத்துக்கு நேராகக் கேட்கும் பழக்கம் அவர்களில் யாருக்கும் கிடையாது.

வந்தவளை நிற்க வைக்கலாமா? நாஹீத் ஆங்கில வகுப்பில் பாடமாக்கிய வாக்கியத்தை எடுத்துவிட்டாள். "வாங்க மேடம், தயவுசெஞ்சு உக்காருங்க."

"இல்லம்மா, பரவாயில்ல. நான் நின்னுக்கிறேன்" என்றாள் அந்த அம்மாள் ஆங்கிலத்தில்.

நல்ல குடும்பத்துப் பெண், இங்கேயே வளர்ந்தாலும் மரியாதை மறக்கவில்லை என்று நாஹீத் மெச்சிக்கொண்டாள். "தயவுசெஞ்சு உக்காருங்க."

"ரொம்ப நன்றி. எனக்கு வேலை இருக்கு."

இரண்டாவது மறுப்பும் ஆயிற்று. அவர்கள் ஊரில் இரண்டு தடவை மறுப்பது வெறும் மரியாதை, மூன்றாவது தடவைக்கு வாயால் மட்டும் சொன்னால் போதாது. நாஹீத் அவள் முழங்கையைப் பிடித்தாள். மஹின் தோளைப் பிடித்தாள். அக்தஸ் நாற்காலியை முட்டிக்குப் பின்னால் தள்ளினாள்.

"ஐயோ, நான் உக்காரக் கூடாதும்மா..." என்றபடி அந்த அம்மாள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் வாயிலிருந்து ஒரு நீளமான பெருமூச்சு வந்தது. "சரி, ஒரே ஒரு நிமிஷம். ராத்திரி மூணு மணிக்கே கிளம்பினேன்."

நாற்காலியில் ஒருவழியாக ஒரு தலை வந்துவிட்டது; அந்த ஒரு நிமிஷத்தில் நாஹீத் கழுத்தில் துணியைக் கட்டி, தலையைத் தொட்டியில் சாய்த்து, வெந்நீரைத் திறந்துவிட்டாள். "தண்ணி சூடு சரியா இருக்கா?" என்று பாடப்புத்தகத்தில் இருந்தபடியே கேட்டாள். அந்த அம்மாள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். நாஹீதின் விரல்கள் உச்சந்தலையில் இறங்கின. திறந்த வாய் அப்படியே நின்றது, கண்கள் மூடிக்கொண்டன.

"எவ்வளவு வெட்டணும்?"

"ம்ம்."

"முன்னாடி கொஞ்சம் விடட்டுமா?"

"ம்ம்."

பிறகு லேசான குறட்டைதான் பதிலாக வந்தது. ஷஹ்லா அவள் செருப்பை மெதுவாகக் கழற்றினாள். அக்தஸ் தன் சால்வையை மடித்துக் கழுத்துக்கு அண்டை கொடுத்தாள். மிஸஸ் ஒச்சோவா வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்து போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். நாஹீத் நிமிர்ந்தே பார்க்கவில்லை. படுக்கை விரிப்புகளை மடித்து மடித்துக் காய்ப்பேறிய கைகள் கத்தரியைப் பிடித்ததும் லாவகமாக ஓடின. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பத்து இருபத்தெட்டுக்குக் கத்தரியைக் கீழே வைத்தாள். ஈரத்தில் தொங்கிய நரைமுடி கன்னத்தோரம் சுருண்டு, பத்து வயது குறைந்த ஒரு முகம் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தது. குவாத்தமாலாப் பெண் எட்டிப் பார்த்து, "யம்மாடி!" என்றாள். பாஸாகிவிடுவோம் என்று நாஹீத் முதல் தடவையாக நம்பினாள். ஜன்னலோரத்து நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது.

மணி அடித்தது. மிஸஸ் ஒச்சோவா ஹால் நடுவில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னை மன்னிச்சிருங்க. மார்க் போடறவங்க வரல, போனையும் எடுக்க மாட்டேங்கறாங்க. அவங்க பார்க்காத பரீட்சை செல்லாது. இன்னிக்கு ரத்து. இனிமே ஏப்ரல்லதான்."

இருபது பேரும் ஒரே குரலில் முனகினார்கள். யாரோ சீப்பைத் தரையில் வீசினார்கள்.

நாஹீத் தரையில் கிடந்த நரைமுடிக் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏப்ரல் வரைக்கும் நிலவறைதான். அதற்குப் பிறகும் அதுதான். பெஹ்ரூஸ் கட்டிலிலிருந்து, "என்னாச்சு?" என்று கேட்பான். அவனுக்கு என்ன சொல்வது? அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள்.

"அழாதடி" என்று மஹின் முதுகைத் தடவினாள். மஹினும்தான் அழுதுகொண்டிருந்தாள்.

அக்தஸுக்குக் கோபம் தலைக்கேறியது. "இத்தனை பேர் வயித்துல அடிச்சுட்டாளே பாவி! கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா? எங்க காலை நீட்டித் தூங்கிட்டிருக்காளோ!"

"மெதுவாப் பேசு, விருந்தாளி முழிச்சுக்கப் போறாங்க" என்றாள் ஷஹ்லா.

அப்போது நனைந்த மழைக்கோட்டோடு வாசல் காவலாளி லாமார் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"மிஸஸ் ஒச்சோவா, கார் நிறுத்துற இடம், கேன்டீன், மாடி எல்லாம் தேடிட்டேன். ஆனா அவங்க வந்தாங்க, நான்தானே கதவைத் திறந்துவிட்டேன்..." என்றவன் நாஹீதின் நாற்காலியைப் பார்த்து அப்படியே நின்றான். "அட, மார்க் போடற அம்மாவைப் பிடிச்சுக் கட்டி உக்கார வச்சு முடி வெட்டிவிட்டது யாருங்க?"