சந்திரனுக்கு மட்டும் அனுமதி

கல்கத்தாவில் பொதுக்கூட்டம் போட விரும்புகிறவன் அச்சடித்த மனு ஒன்றைப் பூர்த்தி செய்ய வேண்டும். எந்த ஊரைப் பற்றிப் பேசப்போகிறான், அந்த ஊர் போலீஸ் தாணாவிலிருந்து எத்தனை மைல் என்று அதில் ஒரு கட்டம். ஊர் அமைதியைக் காக்க இது அவசியம். 1909-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அந்நகரின் பவானிபூர்ப் பேட்டை வாசி சுந்தரேசன் அந்தக் கட்டத்தில், "செவ்வாய் கிரகம். தாணாவிலிருந்து மூன்றரைக் கோடி மைல்" என்று எழுதினார்.

சுந்தரேசன் மூன்று தடவை ஜெயிலுக்குப் போனவர். அனுமதியில்லாமல் கூட்டம் போடக் கூடாது என்ற சட்டம் வந்த பிறகு பதினெட்டு மாதமாக மேடை ஏறவில்லை. அதற்காகச் சர்க்கார் அவரை மறந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. பாண்டே என்ற கான்ஸ்டபிளை மூன்று வருஷமாக அவர் பின்னால் நடக்கவிட்டிருந்தது. சுந்தரேசன் டிராமில் ஏறினால் பாண்டேயும் ஏறுவான். மழை வந்தால் குடை பிடிப்பான். இந்தத் தெருவில் எந்த உத்தியோகஸ்தனுக்கு இப்படி ஒரு மரியாதை உண்டு என்று சுந்தரேசன் உள்ளுக்குள் நெஞ்சு நிமிர்த்திக்கொள்வார்.

அந்த வருஷம் செவ்வாய் பூமிக்கு வெகு அருகில் வந்திருந்தது. பவானிபூர்த் தமிழர்களுக்கு அதே பேச்சு. வங்காளத்தை இரண்டாக வெட்டியபோது வாய் திறக்காத உத்தியோகஸ்தர்கள், செவ்வாயில் ஒரு கால்வாய் இரண்டாகப் பிளந்ததாகப் பத்திரிகையில் படித்துவிட்டுத் தொண்டை கட்டும்வரை தர்க்கம் செய்தார்கள். பாங்கி பாலசுப்ரமணியன் நாடகம் பார்க்கிற தூரக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மாடியிலிருந்து பதினொரு கால்வாய் பார்த்தார். அவருக்கு மேலதிகாரியான லக்ஷ்மிநாராயணன், மேலதிகாரி என்ற முறையில், பதினைந்து பார்த்தார். எதிர்வீட்டு ஜகதாம்பாளுக்கோ வேறு கவலை. "காத்தும் ஜலமும் இருக்கிற கிரகம்னா, எங்காத்துப் பொண்ணோட செவ்வாய் தோஷம் கொஞ்சம் குறையுமோன்னோ?" என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டாள்.

சுந்தரேசன் பார்த்தார். சுதேசியம் என்றால் ஓடுகிற கூட்டம், செவ்வாய் என்றால் உட்காரும். 'செவ்வாயின் நிலமும் காற்றும்' என்று பிரசங்கம் தயார் செய்தார். நிலமும் காற்றும் சும்மா. ஒரே ஒரு வாக்கியம்தான் அவருக்கு வேண்டும்: "அந்தக் கால்வாய்களை வெட்டியவர்கள் எந்த ராஜாங்கத்தையும் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள்." இந்த வாக்கியத்தைக் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி பாகீரதியிடம் நாற்பது தடவையாவது சொல்லிப் பார்த்துவிட்டார்.

அனுமதி கொடுக்கும் அதிகாரியும் தமிழர்தான். பெயர் திருவேங்கடம். ராவ் சாஹிப் பட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் மெருகு குலையவில்லை.

"ஓய், மூன்றரைக் கோடி மைலா? அங்கே ஏதாவது கலகம்னா கான்ஸ்டபிள் எப்போ போய்ச் சேருவான்?"

"கலகம் ஒண்ணும் நடக்காது, ஸார்."

"அதை நீர் சொல்லப்படாது. போகட்டும், கால்வாய்னு எழுதியிருக்கீர். எந்த டிபார்ட்மெண்ட் வெட்டினது?"

"டிபார்ட்மெண்ட் கிடையாது. அங்கே இருக்கிறவாளே வெட்டிண்டா."

ராவ் சாஹிப் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எத்தனை நீளம்?"

"ஆயிரம் மைல், இரண்டாயிரம் மைல்."

"ஆயிரம் மைல் கால்வாயை ஒருத்தன் வெட்ட முடியாது. கும்பல் கூடியிருக்கணும். கும்பல் கூட அனுமதி வாங்கினாளா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"வாங்கலைன்னா சட்டவிரோதமான கூட்டம். அதை நீர் மேடையிலே புகழ்ந்தா, தூண்டிவிடறதாச்சு. செவ்வாய் கூடாது."

"சரி, சுக்கிரன்?"

"அங்கே என்ன விசேஷம்?"

"கனமான மேகம். தரையே தெரியாது."

"வருஷம் பூராவா? அப்படி எதை மறைக்கிறா? கூடாது."

"வியாழன்?"

"சொல்லும்."

"ஓயாத புயல். எப்போதும் கொந்தளிப்பு."

"கொந்தளிப்பா! இந்த ஆபீஸில் அந்த வார்த்தையைச் சொல்லாதேயும்."

சுந்தரேசன் சலித்துப்போய், "மிச்சம் சந்திரன்தான். காத்து இல்லை, ஜலம் இல்லை, ஜனமும் இல்லை" என்றார்.

ராவ் சாஹிபின் முகம் மலர்ந்தது. "ஜனமே இல்லையா?"

"ஒரு ஈ காக்காய் இல்லை."

"கூச்சல் போட்டா?"

"காத்தில்லாத இடத்திலே கூச்சல் கேட்காது, ஸார்."

"அடடா! எப்பேர்ப்பட்ட ஜில்லா!" என்று பெருமூச்சு விட்ட ராவ் சாஹிப், மனுவில் 'சந்திரன் மட்டும்' என்று முத்திரை குத்தினார். கூட்டத்துக்குத் தாமே தலைமை வகிக்கவும் இசைந்தார்.

சுந்தரேசன் வீட்டுக்கு வந்து முத்திரையைப் பாகீரதியிடம் காட்டினார். அவள் மனுவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்னா, கூட்டத்திலே யாரும் கேள்வி கேக்கப்படாதுன்னு இதிலே எங்கேயாவது இருக்கா?"

"இல்லை."

"அப்போ நான் கேக்கறேன், செவ்வாயிலே கால்வாய் வெட்டினது யாருன்னு. நீங்க பதில் சொல்லுங்கோ. கேட்டதுக்குப் பதில் சொல்றது குத்தமா?"

சுந்தரேசன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அடியே, உன்னையல்லவா ஜெயிலில் போட்டிருக்க வேண்டும்!"

சனிக்கிழமை மாலை பள்ளிக்கூடக் கூடத்தில் இருநூறு தமிழர்கள் கூடினார்கள். சுந்தரேசனுக்கு ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை. ஒன்றரை மணி நேரம் சந்திரனின் பள்ளங்களையும் மலைகளையும் வர்ணித்தார். அவர் வாழ்நாளில் இப்படிக் கைதட்டல் கேட்டதில்லை. முன்பெல்லாம் போலீஸைக் கண்டதும் பாதிக் கூட்டம் சுவர் ஏறிக் குதிக்கும். இன்று போலீஸ் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியது. "சந்திரனில் உத்தியோகம் பார்த்தால் அந்த ஸர்வீஸ் பென்ஷனுக்குச் சேருமா?" என்று பாலசுப்ரமணியன் கேட்டார். எல்லோரும் பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ராவ் சாஹிப் எழுந்து, இத்தகைய அறிவு விருத்தியான பிரசங்கத்தை அடுத்த மாதம் பெரிய துரையின் தோட்டத்திலும் ஏற்பாடு செய்யப்போவதாக அறிவித்தார்.

அப்போது பெண்கள் பக்கத்துத் தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒரு கேள்வி. செவ்வாயிலே கால்வாய் இருக்காமே. அதை வெட்டினது யாரு?"

கூட்டம் முழுவதும் தட்டிப் பக்கம் திரும்பியது. ராவ் சாஹிபின் விரல் மனுவின்மேல் நின்றது. சுந்தரேசனுக்கு அந்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மாலையைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். பெரிய துரையின் தோட்டத்தில் நாற்காலிகளை எப்படிப் போடுவார்கள் என்று ஒரு கணம் மனக்கண்ணில் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"அந்த அம்மாளின் கேள்வி, அனுமதிக்கப்பட்ட விஷயத்துக்குப் புறம்பானது. உட்காரலாம்."

அன்றைய தினத்தின் மிகப் பெரிய கைதட்டல் இதற்குத்தான் கிடைத்தது.

சர்க்கார் காரியம் மெதுவாக நடக்கும் என்பது வெறும் அவதூறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுந்தரேசன் வெளியே கிளம்பினார். பாண்டே வழக்கம்போல் விளக்குக் கம்பத்தடியில் நின்றான். சுந்தரேசன் தெருமுனை வரை போனார், மழை பிடித்துக்கொண்டது, குடை வரவில்லை. திரும்பிப் பார்த்தார். பாண்டே கம்பத்தடியிலேயே நின்றான். தொப்பலாக நனைந்து வந்து, "ஏன் வரவில்லை?" என்று அதட்டினார்.

"லிஸ்டிலிருந்து உங்கள் பேரை அடித்துவிட்டார்கள், பாபுஜி" என்றான் பாண்டே, துக்கம் விசாரிக்கிற குரலில். "எனக்கு இப்போது உங்கள் வீட்டு அம்மா டூட்டி."

கதவு திறந்தது. பாகீரதி காய்கறிப் பையோடு படியிறங்கினாள். பாண்டே ஓடிப்போய்க் குடையை விரித்தான். அவள் புருஷன் பக்கம் திரும்பவில்லை. "இன்னிக்குக் கத்திரிக்காய் வாங்கலாமா? அதுக்கு அனுமதி உண்டோ?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நடந்தாள். மூன்றடி பின்னால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் குடை பிடித்துக்கொண்டு போயிற்று.

மனு எழுதுகிறவர்களை இருபது வருஷமாக மேடை மேடையாகப் பரிகாசம் செய்தவர் சுந்தரேசன். அன்று நனைந்த வேஷ்டியை மாற்றக்கூட இல்லை, காகிதத்தை எடுத்தார். "மகா கனம் பொருந்திய துரையவர்கள் திவ்விய சமுகத்துக்கு" என்று ஆரம்பித்தார். கடைசி வரி இது:

"ஆகையால் அடியேனையும் பழையபடி சந்தேகித்துவர வேணுமாய் மிகுந்த பணிவுடன் பிரார்த்திக்கிறேன்."