பைபிள் உறைக்குள் ஒரு பந்தயம்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயில் வாசலில் நின்று ஒரு சபதம் செய்தேன். ஈஸ்டர் வரைக்கும் கேம் தொடமாட்டேன். சாட்சி, என் மனைவி டொரீன். வெறும் சாட்சி இல்லை. சபதத்தை வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்து என்னைத் திருப்பிச் சொல்லவைத்ததும் அவள்தான்.

சும்மா செய்வேனா? பந்தயம். நான் தாக்குப்பிடித்தால் ஈஸ்டர் சுங்கை சோவில், என் சொந்த வீட்டில், என் சொந்த நாற்காலியில். தோற்றால் லீவு முழுக்கச் சுங்கை பெசாரில், டொரீனின் அண்ணன் கேமரன் வீட்டில். கேமரன் மச்சானிடம் ஒரு மீன்பிடிப் படகும் ஒரு கராவோக்கே பெட்டியும் இருக்கின்றன. பகலெல்லாம் படகின் அடியில் ஒட்டியிருக்கிற சிப்பியை நான் சுரண்ட வேண்டும். சாயந்திரமானால் அவர் பாடுவார், நான் கைதட்ட வேண்டும். இரண்டில் எது கொடுமை என்று கேட்காதீர்கள். சிப்பியாவது சுரண்டினால் போய்விடும்.

போனில் இருந்த கேம் எல்லாவற்றையும் டொரீன் முன்னாலேயே அழித்தேன். முதல் வாரம் பட்ட பாடு எனக்கும் என் கட்டைவிரல்களுக்கும்தான் தெரியும். சோறு பிசையும்போதுகூட வளைவில் காரைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை டொரீன், வீட்டுப் பீடத்தை மூட ஊதாத் துணி வேண்டும், அலமாரி மேலே இருக்கிறது, ஏறி எடுத்துக்கொடுங்கள் என்றாள். ஏறினேன். துணியைக் காணோம். இருந்தது என் பழைய கேம் பெட்டி. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது, புத்தகம் மாதிரி மடங்கும், உள்ளங்கை அகலம். எப்போதோ செத்துப்போன பெட்டி அது. சும்மா பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அந்தக் காலத்துப் பொருள் என்றால் சும்மாவா லா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. துணி கீழ் டிராயரிலேயே கிடைத்துவிட்டது, இறங்குங்கள் என்று டொரீன் குசினி அடுப்புப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். இறங்கினேன். பெட்டியும் என் சட்டைக்குள் இறங்கியது.

சபதமா? வாயால் சொன்னது 'கேம்'. மனசுக்குள் சொன்னது 'போன் கேம்'. ஆண்டவர் மனசைப் பார்க்கிறவர்.

பெட்டிக்குள் தனியாகக் கார் ஓட்டி எவ்வளவு நாள் ஜெயிப்பது? ஆளோடு மோத வேண்டும். இந்தப் பெட்டிக்கு அந்த நாளில் ஆன்லைன் பந்தயம் உண்டு. கம்பெனி அதை எப்போதோ இழுத்து மூடிவிட்டது. ஆனால் எங்கெங்கோ இருக்கிற ரசிகர்கள் சேர்ந்து தாங்களே ஒரு சர்வரைப் போட்டு ஓட்டுகிறார்களாம். பெட்டியின் செட்டிங்கில் கம்பெனி நம்பரை எடுத்துவிட்டு இவர்கள் நம்பரைப் போட வேண்டும், அவ்வளவுதான். போட்டேன். வைஃபை பிடிக்கவில்லை. இந்தக் காலத்து வைஃபை பூட்டு இந்தப் பழைய பெட்டிக்குப் புரியாதாம். பூட்டே இல்லாத வைஃபை என்றால் ஒட்டிக்கொள்ளுமாம். ஸ்டோரில் கிடந்த பழைய ரவுட்டரைத் தூசி தட்டி, பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துவிட்டேன். பிரேசிலிலிருந்து ஒருத்தன் வந்தான், ஜப்பானிலிருந்து ஒருத்தி வந்தாள். ஈஸ்டருக்கு முன்னாலேயே என் வீட்டில் ஓர் உயிர்ப்பு.

எங்கே வைத்து விளையாடுவது? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. என் பைபிளுக்கு ஜிப் வைத்த தோல் உறை ஒன்று உண்டு. பைபிளை வெளியே எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பெட்டியை உறைக்குள் வைத்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. சாயந்திரமானால் ஹாலில், டொரீன் கண்ணெதிரிலேயே, உறையை விரித்துக்கொண்டு பயபக்தியாக உட்கார்ந்துவிடுவேன்.

ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"என்னங்க வாசிக்கிறீங்க?"

"புலம்பல் ஆகமம்."

"சிரிச்சுக்கிட்டே வாசிக்கிறீங்க?"

"புலம்பி முடிச்சா ஆறுதல் வரும்ல, அத நெனச்சேன்."

"ஓ," என்றாள். "நல்லா வாசிங்க."

பாவம், நம்பிவிட்டாள் என்று எனக்கே கொஞ்சம் மனசு கஷ்டமாக இருந்தது. அடுத்த பந்தயம் தொடங்கியதும் சரியாகிவிட்டது.

சிக்கல் பக்கத்து வீட்டுப் புஷ்பா உருவத்தில் வந்தது. வேலி ஓரம் நின்று, அக்கா, உங்க வீட்டு வைஃபை நல்லா இழுக்குது, பூட்டு இல்லாம விட்டதுக்கு ரொம்ப நன்றி லா என்று டொரீனிடம் போட்டு உடைத்துவிட்டது அந்தப் பொண்ணு. நாலு வீட்டு ஆட்கள் எங்கள் கேட்டுக்கு வெளியே போனும் கையுமாக நிற்பதை அப்போதுதான் நானும் பார்த்தேன். டொரீன் என்னைப் பார்த்தாள். எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஒரு பதில் வந்தது.

"தவக்காலம் டொரீன். நோன்பு மட்டும் போதுமா? தர்மம் செய்ய வேண்டாமா?"

அவள் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே எங்கள் வட்டாரச் செபக் குழுவான அன்பியத்து ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு என் தர்ம சிந்தனையைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை செபக் கூட்டத்தை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை ஹால் நிறைய ஜனம். எனக்கு நடு நாற்காலி. கையில் ஜிப் உறை, ஏனென்றால் அது இல்லாமல் என்னை யாரும் பார்த்ததில்லை. பாட்டு முடிந்தது. டொரீன் எழுந்து நின்றாள்.

"இன்னைக்கு வாசகத்த அவரே வாசிப்பாரு. தெனமும் புலம்பல்தான் வாசிக்கிறாரு, அதுலேர்ந்தே வாசிக்கட்டும்."

எல்லாரும் என் மடியைப் பார்த்தார்கள். ஜிப்பில் கை வைத்தேன். சிப்பி, படகு, கராவோக்கே எல்லாம் கண்முன்னால் வந்துபோயின. கண்ணாடியைக் காணோம் என்று சொல்ல வாயெடுத்தேன். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

டொரீன் பக்கத்தில் வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து என் பைபிளை எடுத்து, புலம்பல் பக்கத்தை விரித்து என் கையில் வைத்தாள். தலையணைக்கு அடியில் இருந்த அதே பைபிள்.

"இதுல எழுத்து பெருசா இருக்கும், இதப் பார்த்தே வாசிங்க," என்றாள் சபைக்குக் கேட்கும்படி.

வாசித்தேன். என் ஆயுசில் அவ்வளவு உருக்கமாக நான் எதையும் வாசித்ததில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் அழுதார்கள்.

எல்லாரும் போன பிறகு குசினிக்குப் போனேன். அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"ஊதாத் துணிய நான் என்னைக்குங்க அலமாரி மேல வச்சேன்? எப்பவும் கீழ் டிராயர்தான்."

"அப்போ நீதான்..."

"செத்த பேட்டரிக்கு எப்படிப் பச்சை லைட் எரியுமுன்னு ஒரு தடவையாச்சும் யோசிச்சீங்களா? நான்தான் ரவாங் கடையில புதுசு வாங்கிப் போட்டேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, நான் சுரண்டுவதற்காக அண்ணன் படகை ஏற்கெனவே கரைக்கு ஏற்றிவிட்டதாகச் சொன்னாள். சரி, ராத்திரியாவது கராவோக்கேக்கு நடுவில் ஒரு பந்தயம் ஓட்டலாம் என்று ஜிப் உறையை மெல்ல எடுத்தேன்.

"அத இங்கயே வச்சிட்டு வாங்க," என்றாள் டொரீன். "எங்கண்ணன் வீட்ல வைஃபை இல்ல."