பேக்டரி அண்ணாச்சி சொல்ல மறுத்த ஒரு வார்த்தை

தொழிற்சாலையை ஊருக்கு அழைத்து வருவது மந்திரிகளின் வேலை என்று நினைப்பவர்கள், குற்றாலத்தில் பேக்டரி அண்ணாச்சியிடம் ஒரு தடவைகூட எண்ணெய் தேய்த்துக்கொள்ளாதவர்கள். தென்காசிக்குத் தொழில் வேண்டும் என்று அவர் பேசிய பேச்சை எந்தச் சட்டசபையும் தாங்கியிருக்காது.

எழுபதுகளின் கடைசியில் நான் மெயினருவிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அண்ணாச்சி மேலகரத்துக்காரர், எங்கள் லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர். பின்கட்டில் ஒரு கல் கிடக்கும். அதில் ஆளை உட்கார வைத்து உச்சியில் எண்ணெயை ஊற்றுவார். கண்ணில் வழியுமோ என்று வந்தவர் கண்ணை மூடியதும் அண்ணாச்சி பேச்சைத் தொடங்கிவிடுவார்.

"மொதலாளிக்கு என்ன தொழில்? இங்கன ஒரு பேக்டரி போட்டா என்ன?"

தீப்பெட்டிக் கம்பெனிக்காரர் ஒருவரிடம் எங்கள் சாரலின் பெருமையை அரைமணி நேரம் சொன்னார். வந்தவர் கண்ணைத் திறக்காமலே, "இந்த ஈரத்துல குச்சி நமத்துப் போவுமேய்யா" என்றார்.

"தீப்பிடிக்காத தீப்பெட்டி பேக்டரி! இன்சூரன்ஸ் மிச்சம்லா!" என்றார் அண்ணாச்சி.

இன்னொருவர் கோட்டுப் போட்டு வந்தார். ஆலை முதலாளிதான் என்று முடிவு கட்டி அண்ணாச்சி இரண்டு பங்கு எண்ணெய் போட்டார். கடைசியில் பார்த்தால், அந்த மனிதர் ஆலையில் வேலை தேடிக்கொண்டிருப்பவர். அண்ணாச்சி சளைக்கவில்லை. "கவலப்படாதீய. இங்கன பேக்டரி வந்ததும் சொல்லி அனுப்புதேன்" என்று வழியனுப்பினார்.

நாங்கள் சிரிப்போம். அவர் சிரித்ததில்லை. அவருடைய ஒரே மகன் பம்பாயில் ஒரு மில்லில் இருந்தான். "பெத்த வீட்டுக்கு வருதான், லாட்ஜுக்கு வாற ஆளு மாதிரி ரிட்டன் டிக்கெட்டோட" என்று ஒருமுறை என்னிடம் சொல்லிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் உண்மையிலேயே ஒரு முதலாளி வந்தார். கோயம்புத்தூர்க்காரர். பம்ப்செட் மோட்டாருக்கு உதிரி பாகம் செய்கிறவர். பின்தங்கிய வட்டாரத்தில் தொழில் தொடங்கினால் அரசாங்கச் சலுகை உண்டு என்பதால் தெற்கே இடம் பார்த்தார். கடைசியில் இரண்டு ஊர்கள் நின்றன. ஒன்று தென்காசி. மற்றது கிழக்கே வெயில் காய்கிற ஓர் ஊர். பெயர் சொல்லமாட்டேன், பிற்பாடு என் மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்தேன்.

எங்கள் வியாபாரிகள் மாலையோடு வந்து மேலகரத்துக்குப் பக்கத்தில் நிலம் காட்டினார்கள். மறுநாளே கிழக்கூர்க்காரர்கள் இரண்டு காரில் மிட்டாய்ப் பெட்டிகளோடு எங்கள் லாட்ஜுக்கே வந்து இறங்கினார்கள். நிலம் சும்மா, கரண்டுக்கு நாங்கள் பொறுப்பு என்றார்கள். கூடவே இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அது மறுநாள் காலை கல்லில்தான் வெளியே வந்தது. நானும் வியாபாரிகள் இருவரும் பக்கத்தில் நின்றோம். முதலாளி கண்ணை மூடியபடி பேசினார்.

"ஏனுங்க அண்ணாச்சி, அந்த ஊர்ப் பசங்க அரைக் கூலி கொடுத்தாலும் வாங்கிக்குவாங்களாம். உங்க ஊர்ப் பசங்க அதைவிடக் கம்மிக்கு வருவாங்களா? எனக்கு இந்த ஊருதான் புடிச்சிருக்குதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் நம்பிக்கறேன்."

அண்ணாச்சியின் கை நின்றது. வியாபாரிகள் இருவரும் 'ஆமாம் என்று சொல்லும்' என்று தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார்கள்.

"நல்லா வேலை செய்வானுவ மொதலாளி. அதுக்கு நான் பொறுப்பு. கம்மிக்கு வருவானுவன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணாச்சி. "பம்பாய்ல அரை வயிறா கெடக்கவனைத் திருப்பிக் கூப்பிடத்தான் ஒங்களைக் கூப்பிடுதேன். இங்கன வந்தும் அரை வயிறுதாம்னா, அவன் எதுக்கு வரணும்?"

பிறகு கை மறுபடி அசைந்தது. ஒரு குறையும் வைக்காமல் தேய்த்து, அருவிவரை கூட்டிப்போய்க் குளிக்க வைத்து அனுப்பினார்.

பேக்டரி கிழக்கே போனது.

ஊர் அவரை மன்னிக்கவில்லை. அவரிடம் இனி ஆள் அனுப்பாதே என்று லாட்ஜ் முதலாளி எனக்கு உத்தரவு போட்டார். வியாபாரிகள் அவரைக் கண்டால் ரோட்டைக் கடந்து போனார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுச் செல்லம்மா தென்காசி பஸ் ஸ்டாண்டில் வழிமறித்துக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"எம் பயலுக்குக் கூலி கம்மியா கூடவான்னு சொல்லுததுக்கு நீரு யாரு வே? வீட்ல சும்மா கெடக்கானே, ஒம்ம வீட்லயா கெடக்கான்?"

சாயங்காலம் லாட்ஜ் வாசலில் வந்து உட்கார்ந்தார். "அவ கேக்கது சரிதானே தம்பி?" என்றார். அவர் சொன்னதும் சரி, அவள் கேட்டதும் சரி. இன்றுவரை எனக்கு அதில் தீர்ப்பு வரவில்லை.

அவர் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. கிழக்கூர் பேக்டரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், செல்லம்மாவின் மகனையும் தெருவில் வேலையில்லாத பையன்களையும் திரட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பினார். எந்த ஊரோடு போட்டி போட்டாரோ, அந்த ஊரின் பேக்டரி கேட்டில் போய் நின்றார். என்னையும் துணைக்கு இழுத்துப் போனார். மத்தியானம்வரை வெயிலில் நின்ற பிறகு முதலாளியின் கார் வந்தது. அவர் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இது உங்க ஊர்லயே இருந்திருக்குமேங்க."

"தெரியும் மொதலாளி" என்றார் அண்ணாச்சி. "நல்லா வேலை செய்வானுவன்னு சொன்னேன்லா. அதை மட்டும் பாருங்க."

முதலாளி பாதிப் பேரை எடுத்துக்கொண்டார். கூலி அந்த ஊர்க் கூலிதான். அதில் அண்ணாச்சி தோற்றுத்தான் போனார். செல்லம்மாவின் மகனுக்கு இடம் கிடைத்தது. அதற்குப் பிறகும் அவள் அவரோடு பேசவில்லை. ஆனால் தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு முறுக்கு போனது.

வேலை கிடைத்த பையன்கள் வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குத் திரும்புவார்கள். அண்ணாச்சி தென்காசி பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பார். ஒவ்வொருவனும் இறங்கும்போது, "சாப்பாடு சரியா கெடைக்கா லே?" என்று முதுகில் தட்டுவார். சீசன் இல்லாத நாட்களில் நானும் லாட்ஜை ரூம்பாயிடம் விட்டுவிட்டு அவரோடு போய் நின்றிருக்கிறேன். அந்த பஸ்ஸில் அவர் மகன் வரப்போவதில்லை. எனக்கும் அப்போது அதில் வரவேண்டியவர் யாரும் இல்லை.