சின்ன லைன் கூட்ஸ்

ராஜாமணி ஹாரனை மறுபடியும் அழுத்தினார். தண்டவாளத்தின் நடுவே காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டை, அந்தப் பக்கத்து வேர்க்கடலை, அசையவில்லை.

"யக்கோவ்! வாரு சீக்கிரம்! இன்னிக்கு எங்களுக்குப் பந்தயம்!" என்று எஞ்சினிலிருந்து தலையை நீட்டிக் கத்தினார்.

"தெனம் ஆடி அசைஞ்சுதான வருவீங்க? இன்னிக்கு என்னா திடீர்னு?" என்று அதைக் காயப் போட்டிருந்த கொளஞ்சியம்மாள் நிதானமாகத் துடைப்பத்தைத் தேடிப் போனாள்.

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து சிதம்பரம் பக்கத்து உரக் கிடங்குக்குப் போகிற அந்தச் சின்ன லைன், வெள்ளைக்காரன் காலத்தில் மல்லாட்டை மூட்டையைக் கப்பலுக்கு இழுக்கப் போட்டது. அப்புறம் சர்க்கரை இழுத்தது, இப்போது உரம் இழுக்கிறது. ஒரே எஞ்சின், ஒரே டிரைவர். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ராஜாமணியை உட்கார வைத்துச் சோறு போட்டது அந்த எஞ்சின்தான். தினமும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்.

இன்று காலை உரக் கம்பெனி ஒரு லாரியையும் கூட்ஸையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டிருந்தது. முதலில் போய்ச் சேருவதற்குத்தான் இனி லோடு. கூட்ஸ் தோற்றால் லைனையே பிடுங்கிவிடுவார்கள்.

ராஜாமணி கீழே குதித்துத் துண்டால் மல்லாட்டையை ஒதுக்கினார். பாதி ஜல்லிக்குள் போனது. அதைப் பொறுக்கித் தராமல் கொளஞ்சியம்மாள் விடவில்லை.

"நசுக்காம நின்னீங்களே, நல்லா இருப்பீங்க" என்று அவர் மடி நிறையக் கொட்டி அனுப்பினாள்.

போன நேரத்தைப் பிடிக்க ராஜாமணி ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த லைனில் கேட்டுக்குத் தனி ஆள் கிடையாது. அவர் மச்சான் அந்தோணிசாமி வண்டியோடவே வருவான். இறங்கிக் கேட்டைச் சாத்துவான். வண்டி தாண்டி நிற்கும். திறந்துவிட்டு ஓடிவந்து கடைசிப் பெட்டியில் ஏறிக்கொள்வான்.

"மச்சான், இன்னிக்கு நிறுத்த மாட்டேன். உருட்டிக்கிட்டே போறேன், ஓடியாந்து தொத்திக்க."

"நான் என்னா குதிரையா மாமா?"

"உங்கக்காவப் பொண்ணு பாக்க வந்தப்ப, தம்பி ஓட்டப் பந்தயத்துல கப்பு வாங்குனவன்னாங்களே?"

"அது சாக்குக்குள்ள கால வுட்டு ஓடுறது மாமா!"

சொன்னபடி ஒரு கேட்டை நிற்காமல் தாண்டி, அடுத்த கேட்டில் ஹாரன் அடித்தார். யாரும் இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் கடைசிப் பெட்டியில் ஒரு காக்கை மட்டும் உட்கார்ந்திருந்தது. போன் போட்டார். மணி எஞ்சினுக்குள், சோத்துத் தூக்குப் பக்கத்தில் அடித்தது.

வேறு வழியில்லை. மொத்த வண்டியையும் ரிவர்ஸில் தள்ளிக்கொண்டு பழைய கேட்டுக்கே போனார். அங்கே நுங்கு விற்றுக்கொண்டிருந்தவர் கையை விரித்தார்.

"உங்க மச்சானா? சவுக்குத் தோப்பு ரோட்டுல ஒரு மொபெட்ட நிறுத்தி ஏறி, அடுத்த கேட்டுக்குப் போயிட்டாரே!"

ராஜாமணி மறுபடியும் முன்னால் விட்டார். அடுத்த கேட்டில் அந்தோணிசாமி சாத்திய கேட்டைப் பிடித்தபடி நின்றான். இரண்டு பக்கமும் வண்டிகள் அலறிக்கொண்டிருந்தன.

"எங்க மாமா போய்த் தொலைஞ்சீங்க? ஊரே எங்கம்மாவத் திட்டுது!"

"உங்கம்மாவத்தான? திட்டட்டும், ஏறு!"

கிடங்குக்குள் கூட்ஸ் நுழைந்தபோது உச்சி வெயில். பைபாஸில் போன லாரி எப்போதோ வந்திருக்கும். ராஜாமணி குனிந்த தலையோடு இறங்கினார்.

கம்பெனி அதிகாரி ஜெயப்பிரகாஷ் வந்து கை கொடுத்தார். "நீங்கதான் ஃபர்ஸ்ட். லாரியக் காணோம். லோடு உங்களுக்குத்தான்."

அவர் சொல்லி முடிக்கவும் லாரி வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. டிரைவர் இளவரசு எட்டிப் பார்த்து, "பஞ்சர் சார்" என்றான். ஜெயப்பிரகாஷ் தலையில் அடித்துக்கொண்டு ஆபீசுக்குள் போனார்.

ராஜாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. எஞ்சினைக் கும்பிட்டார். வெயிலில் தண்டவாளம் சுமந்து இந்த லைனைப் போட்டவர்களைக் கும்பிட்டார். மல்லாட்டை கொடுத்த கொளஞ்சியம்மாளை, மொபெட்காரனை, வழியெல்லாம் திட்டு வாங்கிய மாமியாரைக்கூட விடவில்லை. கடைசியில் மடியிலிருந்த மல்லாட்டையை அள்ளி இளவரசு கையில் வைத்தார்.

"தம்பி, நீ தோத்ததுக்கு நான் சந்தோஷப்படக் கூடாது. ஆனா அந்த ஆணிய ரோட்டுல போட்ட புண்ணியவான் யாரோ, அவன் கொழந்த குட்டியோட நல்லா இருக்கணும்."

இளவரசு ஆபீஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"ஆணியும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே, நான் அப்பவே வந்துட்டு அந்த ரைஸ்மில் பின்னால லாரிய ஒளிச்சு வச்சிக்கிட்டு உங்க ஹாரன் எப்ப கேக்கும்னு கெடக்குறேன், நீங்க தோத்தா லோடு மொத்தமும் எங்க தலையிலதான வுழும், இப்பவே எம் பொண்ணு என்னப் பாத்தா 'யாரும்மா இந்த மாமா'ன்னு கேக்குது!"